ஆபிரகாம் பண்டிதர் யார்? கீபோர்டின் 12 கட்டைகளைச் சிலப்பதிகாரத்தில் தேடிய தஞ்சாவூர் மருத்துவர்

கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ கீபோர்டு வகுப்புக்குப் போகிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். வலது கை வரைக்கும் எல்லாம் நல்லாத்தான் போயிருக்கும். ஐந்து கோடு, நான்கு இடைவெளி, மனப்பாடம் ஆகிவிடும். இடது கைக்கான கீழ் வரிசை வந்ததும்தான் சிக்கல். மேல் வரிசையின் நடுக்கோட்டில் ஒரு புள்ளி இருந்தால் அது 'பி'. கீழ் வரிசையில் அதே நடுக்கோட்டில் இருந்தால் 'டி'. கோடு அதே ஐந்துதான், புள்ளியும் அதேதான். பெயர் மட்டும் மாறிவிடுகிறது.

இது போதாதென்று, பள்ளி ஆர்கெஸ்ட்ராவில் வயோலா கையில் வந்துவிட்டால் அதே புள்ளி 'சி' ஆகிவிடும். செல்லோவிலோ டிராம்போனிலோ உச்ச சுரங்களுக்குப் போகும்போது சில இடங்களில் அது 'ஏ'. நாலு விதமாகப் படிக்க வேண்டுமா என்று தலை சுற்றும்.

வரிசையின் தொடக்கத்தில் இருக்கும் சுருள் குறிதான் இந்த மாற்றத்துக்குக் காரணம். அதற்குப் பெயர் கிளெஃப். எந்தக் கோடு எந்தச் சுரம் என்று சொல்வது மட்டும்தான் அதன் வேலை. டிரெபிள் கிளெஃபின் சுழி, கீழிருந்து இரண்டாவது கோட்டைச் சுற்றி நிற்கும். அந்தக் கோடு 'ஜி'. பேஸ் கிளெஃபின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் கோடு 'எஃப்'. வயோலாவுக்கான ஆல்ட்டோ கிளெஃபில் நடுக்கோடே 'மிடில் சி'. மற்றதெல்லாம் அங்கிருந்து எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த கீதோ என்ற துறவி 'எஃப்' கோட்டுக்குச் சிவப்பும் 'சி' கோட்டுக்கு மஞ்சளும் தீட்டச் சொன்னார். கோட்டின் முனையில் எழுத்தையும் போட்டார்கள். அந்த எழுத்துகள் நெளிந்து நெளிந்துதான் இன்றைய கிளெஃப் ஆயின.

சரி, இதற்கும் தமிழுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டு இசை முறைகளையும் படித்துவிட்டு, ஒன்றை வைத்து மற்றொன்றைக் கேள்வி கேட்ட ஒரு தமிழர் இருந்தார். இசையை வைத்து அவர் சம்பாதிக்கவில்லை. மருந்து விற்றுச் சம்பாதித்த பணத்தைத்தான் இசையில் போட்டார். அவர் பெயர் ஆபிரகாம் பண்டிதர்.

'அஞ்சு கட்டை' என்பதும் ஒரு கிளெஃப்தான்

அவர் கதைக்குப் போகும் முன் ஒரு சின்ன விஷயம். கர்நாடக சங்கீத வகுப்பில் ஆசிரியர் உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி, நீங்கள் எத்தனை கட்டையில் பாடுகிறீர்கள் என்பது. கட்டை என்றால் ஆர்மோனியத்தின் கட்டை. ஒரு கட்டை என்றால் 'சி', இரண்டு கட்டை 'டி', ஐந்து கட்டை 'ஜி'. பெண்கள் பெரும்பாலும் ஐந்து, ஆறு கட்டைகளை ஒட்டிப் பாடுவார்கள். ஆண்கள் ஒன்று, இரண்டு கட்டைகளை ஒட்டி.

அந்த ஒரு எண்ணைச் சொன்ன பிறகு, புத்தகத்தில் ச ரி க ம என்று இருப்பதை எல்லோரும் ஒரே மாதிரி வாசிக்கலாம். ச எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும்தான் ஆளுக்கு ஆள் மாறும். எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால் மேல் ஸ்தாயி, காலடியில் வைத்தால் கீழ் ஸ்தாயி. மேல்நாட்டு முறையில் கோட்டின் பெயரை மாற்றுகிறார்கள், நம் முறையில் ச-வின் இடத்தை மாற்றுகிறோம். நகர்வது எது என்பதில்தான் வித்தியாசம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இது வெறும் பாடப்புத்தக விஷயம் இல்லை. எழுதி வைக்காவிட்டால் பாட்டே அழிந்துவிடும் என்று பயந்தவர்கள் இருந்தார்கள். சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் 1890களின் தொடக்கத்தில் தியாகராஜர் கீர்த்தனைகளை மேல்நாட்டு ஐந்து கோட்டு முறையில் அச்சிட ஆரம்பித்தார். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் சுர எழுத்துகளிலேயே எழுதி, கமகங்களுக்குத் தனிக் குறிகள் வைத்து, 1904இல் ஒரு பெரிய நூலாகக் கொண்டுவந்தார். எந்த முறையில் எழுதுவது என்ற கேள்வி அப்போது சூடாக இருந்தது. பண்டிதர் வளர்ந்த காலம் இதுதான்.

தென்காசிப் பக்கத்துப் பையன்

1859 ஆகஸ்ட் 2ஆம் தேதி, இன்றைய தென்காசி மாவட்டத்தில் உள்ள சாம்பவர் வடகரையில் பிறந்தார் ஆபிரகாம். அப்பா முத்துசாமி நாடார், அம்மா அன்னம்மாள். கிறிஸ்தவக் குடும்பம். படித்து ஆசிரியராக வேண்டும் என்று திண்டுக்கல்லுக்கு அனுப்பப்பட்டார். அங்கே ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்து, பிறகு பாடமும் நடத்தினார்.

திண்டுக்கல்லில்தான் அவருக்கு இரண்டு பைத்தியங்கள் பிடித்தன. ஒன்று இசை. சடையாண்டி பட்டர் என்பவரிடம் முறையாகக் கற்றார். இன்னொன்று சித்த மருத்துவம். சுருளி மலைக்குப் போய்க் கருணானந்தர் என்ற முனிவரைச் சந்தித்து அவரிடம் மருத்துவம் கற்றார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பின்னாளில் தன் மருந்துக்கும் தோட்டத்துக்கும் புத்தகத்துக்கும் வைத்த பெயர்களில் எல்லாம் 'கருணா' இருக்கிறதே, ஏன் என்று நீங்கள் யோசித்தால், காரணம் இந்த மலைச் சந்திப்புதான். ஒரு கிறிஸ்தவ இளைஞர் ஒரு சித்தரைக் குருவாக ஏற்றுக்கொண்டதில் அவருக்கு எந்த முரணும் தெரியவில்லை. கடைசிவரை தேவாலயத்துக்கும் போனார், சித்தர் மருந்தும் செய்தார்.

1880களின் தொடக்கத்தில் திருமணம். மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் ஆசிரியைதான். இருவரும் தஞ்சாவூருக்குக் குடிவந்து, அங்கிருந்த லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தார்கள். மருத்துவம் பகுதி நேரமாக ஓடியது. 1890இல் வேலையை விட்டுவிட்டு முழு நேர வைத்தியராகிவிட்டார். சஞ்சீவி என்ற பெயரில் வந்த அவருடைய மருந்துகள் நன்றாக விற்றன. பணம் வந்தது. நிறையவே வந்தது.

பணம் வந்ததும் தஞ்சாவூருக்கு வெளியே நிலம் வாங்கித் தோட்டம் போட்டார். கருணானந்தபுரம் என்று பெயர். மூலிகை, கரும்பு, புதுப் புது விவசாயப் பரிசோதனைகள். ஊரில் அதற்குப் பண்டிதர் தோட்டம் என்றே பெயர் வந்துவிட்டது. சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் லாலியே வந்து பார்த்தார். 1909இல் ராவ் சாகிப் பட்டம். மின்சாரத்தில் ஓடும் ஓர் அச்சகத்தையும் சொந்தமாக வைத்து, அதற்கு ஆளுநரின் பெயரையே வைத்தார் பண்டிதர். புகைப்படம் எடுப்பதிலும் ஆர்வம். ஒரு மனிதருக்கு எத்தனை மணி நேரம்தான் இருந்தது என்று கேட்கத் தோன்றும்.

இரண்டு முறையும் தெரிந்தவர்

பண்டிதர் கர்நாடக இசையோடு நிற்கவில்லை. மேல்நாட்டு இசையையும் படித்தார், ஐந்து கோட்டு எழுத்தையும் கற்றார். கீர்த்தனைகளையும் தமிழிலேயே இயற்றினார். இசை படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் முதல் பாடத்திலிருந்தே தங்களுக்குப் புரியும் மொழியில் பாட வேண்டும் என்பது அவர் எண்ணம். அப்படி எழுதிய பாடல்கள் 1907இல் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்று வெளிவந்தன.

இரண்டு முறையையும் படித்தவருக்கு ஒரு சந்தேகம் வராமல் இருக்காது. கீபோர்டில் ஒரு ஸ்தாயிக்கு 12 கட்டைகள். நம் பாடகர்களும் வீணைக்காரர்களும் கையாள்வது 12 சுரஸ்தானங்கள். வீணையில் ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டு. ஆனால் சாஸ்திரப் புத்தகத்தைத் திறந்தால், 13ஆம் நூற்றாண்டுச் சார்ங்கதேவர் உட்பட எல்லோரும் ஒரு ஸ்தாயியில் 22 சுருதி என்கிறார்கள். 22 எப்படி 12 ஆகும்? வாயால் 22 என்று சொல்லிவிட்டு, விரல் மட்டும் 12-இல் ஏன் நடக்கிறது?

இந்தக் கேள்விதான் அவருடைய மீதி வாழ்க்கையைத் தின்றது.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம், கால்குலேட்டர் போதும். ச-விலிருந்து ப-வுக்குப் போக அதிர்வெண்ணை ஒன்றரையால் பெருக்க வேண்டும். அந்தப் ப-வை ச-வாக வைத்து மறுபடியும் ஒன்றரையால் பெருக்குங்கள். இப்படி 12 தடவை போனால் 12 சுரஸ்தானங்களையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஏழு ஸ்தாயி மேலே இருக்கும் ச-வில் வந்து நிற்க வேண்டும். ஏழு ஸ்தாயி என்றால் 2-ஐ ஏழு தடவை பெருக்குவது, அதாவது 128. ஆனால் ஒன்றரையை 12 தடவை பெருக்கினால் வருவது ஏறத்தாழ 129.75. கொஞ்சூண்டு தாண்டிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே உள்ள தூரத்தில் கால்வாசிக்கும் சற்றுக் குறைவுதான் அந்த மிச்சம். ஆனாலும் வட்டம் மூடவில்லை.

உங்கள் வீட்டுக் கீபோர்டில் இந்த மிச்சத்தை 12 கட்டைக்கும் சமமாகப் பங்கிட்டுவிட்டார்கள். ஒவ்வொரு கட்டையும் முந்தையதைவிட 1.0595 மடங்கு. ப என்பது 1.5 அல்ல, 1.4983. காதுக்கு அந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது.

பண்டிதர் இதே சமப் பங்கீட்டைத்தான் பழந்தமிழரின் முறை என்று வாதாடினார். ஒரு ஸ்தாயியைச் சமமாக 22 பங்கு போட்டால் ப-வுக்குச் சரியான இடம் கிடைப்பதில்லை. 13ஆவது பங்கு 1.506-இல் போய் விழுகிறது, ஆரோகணத்தில் அது உறுத்தும். 24 பங்கு போட்டால் 14ஆவது பங்கு ஒன்றரைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது, 12 சுரங்களும் இரண்டிரண்டு பங்காக அழகாக உட்கார்ந்துவிடுகின்றன. ஆகவே 24 என்றார். 22 பங்கும் சமமானவை என்று யார் சொன்னது, அவை ஏற்ற இறக்கமானவை என்பது எதிர்த்தரப்பு. அந்த எதிர்வாதம் லேசானது அல்ல, இன்றும் ஓயவில்லை.

ஏழு பெண்கள், ஒரு வட்டம்

எண்ணோடு நின்றிருந்தால் அவர் ஒரு கணக்கு ஆர்வலர் என்பதோடு கதை முடிந்திருக்கும். அவர் சிலப்பதிகாரத்தைக் கையில் எடுத்தார்.

ஆய்ச்சியர் குரவை என்ற பகுதியைப் பள்ளியில் படித்திருப்பீர்கள், குறைந்தது பெயராவது கேட்டிருப்பீர்கள். மதுரைக்கு வெளியே ஆயர் சேரி. கெட்ட சகுனங்கள் தெரிகின்றன. மாதரி ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, ஒவ்வொருத்திக்கும் ஒரு சுரத்தின் பெயரை வைக்கிறாள்: குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். கைகோத்து ஆடுகிறார்கள். இலக்கிய மாணவருக்கு இது ஒரு நடனக் காட்சி. பண்டிதருக்கு இது ஒரு வரைபடம்.

12 ராசிகள் கொண்ட வட்டத்தில் ஏழு சுரங்களும் எந்தெந்த வீட்டில் நிற்கின்றன என்று பழைய உரைகள் விளக்குகின்றன. உங்கள் ஜாதகத்தில் இருக்குமே, அதே 12 கட்டம். 12 வீடு, அதில் ஏழு பேர், ஐந்து வீடு காலி. கீபோர்டைப் பாருங்கள்: 12 கட்டை, ஏழு வெள்ளை, ஐந்து கறுப்பு. பண்டிதரின் மண்டையில் விளக்கு எரிந்தது எங்கே என்று இப்போது புரியும்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். பழந்தமிழ் இசையில் பண்ணுப்பெயர்த்தல் என்று ஒன்று உண்டு. நிற்கிற ஆட்களை நகர்த்தாமல், யாரைக் குரலாக, அதாவது ச-வாக, எடுத்துக்கொள்கிறோம் என்பதை மட்டும் மாற்றுவது. கீபோர்டில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வைத்து இதைச் செய்து பாருங்கள். 'சி'-யைச் ச-வாக வைத்து ஏறினால் சங்கராபரணம். அதே கட்டைகளில் 'டி'-யிலிருந்து ஏறினால் கரகரப்பிரியா. 'ஈ'-யிலிருந்து தோடி, 'எஃப்'-இலிருந்து கல்யாணி, 'ஜி'-யிலிருந்து அரிகாம்போதி, 'ஏ'-யிலிருந்து நடபைரவி. ஒரு கட்டைகூடக் கறுப்பில் படவில்லை, ஆறு ராகம் வந்துவிட்டது. 'பி'-யிலிருந்து ஏறினால் மட்டும் சரியான ப கிடைக்காது, முயன்று பாருங்கள்.

கிளெஃப் மாறும்போது கோடுகள் அசையாமல் பெயர்கள் மட்டும் மாறுகின்றன அல்லவா? பண்ணுப்பெயர்த்தலிலும் கட்டைகள் அசைவதில்லை, பெயர்கள் மட்டும் நகர்கின்றன. இரண்டும் ஒன்றே அல்ல. கிளெஃப் மாறினால் காகிதத்தில் படிக்கும் விதம்தான் மாறும், இங்கே ராகமே மாறிவிடுகிறது. ஆனால் இந்தப் பெயர் நகர்த்தலுக்கு மனசைப் பழக்கியவருக்கு, பேஸ் கிளெஃப் அவ்வளவு பெரிய பூதமாகத் தெரியாது.

ஆயப்பாலை, வட்டப்பாலை, திரிகோணப்பாலை, சதுரப்பாலை என்று நான்கு வகை சொல்லி, முறையே 12, 24, 48, 96 என்று ஸ்தாயி பிரிக்கப்பட்டது என்றார் பண்டிதர். பழைய உரைகளில் அலகுகளைக் கூட்டினால் 22 வருகிறதே என்று கேட்டால், மொத்தம் 24, அதில் இரண்டைக் குறைத்து வாசித்தார்கள், அதனால்தான் 22 என்பது அவர் பதில்.

பரோடா, 1916

வீட்டில் உட்கார்ந்து எழுதினால் யார் கேட்பார்கள்? 1912இல் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கினார். வித்வான்களை வரவழைத்து அடுத்தடுத்து மாநாடுகள் நடத்தினார். செலவு அவருடையது. அரசர்கள் இசைக்கு ஆதரவு தருவது குறைந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த நேரத்தில் ஒரு தனி மனிதர் மருந்துக் காசில் இசை மாநாடு நடத்தினார் என்பதைக் கவனியுங்கள்.

1916 மார்ச்சில் பரோடாவில் முதல் அகில இந்திய இசை மாநாடு கூடியது. வடநாட்டு இசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த பாத்கண்டே அதன் முக்கியப் புள்ளி. 22 சுருதிக்காகவே செய்த ஓர் ஆர்மோனியத்தோடு கிளெமென்ட்ஸ் என்ற ஆங்கில அதிகாரியும் வந்திருந்தார். பண்டிதர் தன் வீட்டுப் பெண்களை அழைத்துக்கொண்டு போனார். அவர் கணக்கைச் சொல்ல, அவர்கள் வீணையோடு பாடிக் காட்டினார்கள். அந்தக் காலத்தில் குடும்பப் பெண்கள் பொது மேடையில் ஏறிப் பாடுவதே அரிது. அதைச் செய்ய வைத்த பண்டிதரின் துணிச்சலும், செய்த அந்தப் பெண்களின் துணிச்சலும் சுருதிக் கணக்கைவிடக் குறைவாகவே பேசப்படுகின்றன. அது நியாயம் இல்லை.

22-ஐ நம்பியவர்கள் ஊருக்குத் திரும்பியும் 22 என்றே சொன்னார்கள். பண்டிதர் எழுத உட்கார்ந்தார்.

1,300 பக்கத்துக்கு மேல்

1917இல் 'கருணாமிர்த சாகரம்' அவருடைய சொந்த அச்சகத்திலேயே அச்சாகி வந்தது. 1,300 பக்கத்துக்கு மேல். தந்தி நீளம், அதிர்வெண், விகிதம் என்று அட்டவணை அட்டவணையாக. படிக்கச் சுலபமான புத்தகம் இல்லை. ஆனால் இலக்கிய நூல்களில் தூங்கிக்கொண்டிருந்த பாலை, அலகு, பண் போன்ற சொற்களை மறுபடியும் இசைக்காரர்கள் வாதாடும் சொற்களாக்கியது அது.

எல்லாவற்றையும் அப்படியே ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை. கடலில் மூழ்கிய தமிழ்நிலம் பற்றி அந்நூலில் வரும் பகுதிகளை இன்றைய நிலவியல் ஏற்காது. பழந்தமிழர் சமப் பங்கீட்டையே கணக்காகச் செய்தார்கள் என்பதும் நிரூபணம் ஆனது என்று சொல்ல முடியாது. தமிழிசை ஆய்வில் அவருக்குப் பின் பெரிய பெயரான விபுலானந்தர், 1947இல் வந்த தன் 'யாழ் நூல்' ஆய்வில் 22 அலகையே கொண்டார். அதோடு, கமகம் இழையும் ஒரு தோடிக் காந்தாரத்தை 12 கட்டையிலும் பிடிக்க முடியாது, 24-இலும் முடியாது, எந்தக் கிளெஃப் போட்டு எழுதினாலும் முடியாது. அது எழுத்துக்கு வெளியே இருப்பது. பண்டிதரும் பாடத் தெரிந்தவர்தானே, அவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

அவருடைய வலுவான பங்களிப்பு வேறு இடத்தில் இருக்கிறது. இன்று கர்நாடக இசை என்று பாடப்படுவதற்கும் பழந்தமிழ் இசைக்கும் தொடர்பு உண்டு என்று முதலில் விரிவாக, எண்ணையும் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாதாடியவர் அவர். மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டு 1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, கையில் எடுத்துக்கொள்ள அப்படி ஒரு நூல் ஏற்கனவே இருந்தது.

1919 ஆகஸ்ட் 31ஆம் தேதி ஆபிரகாம் பண்டிதர் காலமானார். 60 வயது. ராகங்களைப் பற்றிய இரண்டாம் புத்தகம் அப்போது வெளிவரவில்லை. அது அச்சேற 1946 ஆனது. அவர் மகன் வரகுண பாண்டியன் அப்பாவின் வேலையைத் தொடர்ந்தார். யாழ் பற்றி அவர் எழுதிய 'பாணர் கைவழி' என்ற நூல் 1950இல் வந்தது.